தோல் கூறும் சான்று



திருநாவலூர் சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். அவர் உடலைப் பற்றிய பிணி திருத்துருத்தித் திருக்குளத்தில் நீராடியபின் நீங்கியதெனப் பெரியபுராணம் பேசுகிறது. தோல் நலம் பற்றிய கவலை நமக்குப் புதிதன்று.

கோயிலுள்ள ஊரிலெல்லாம் குங்குமக் கடையும் உண்டு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். அதுவே பழைய குங்குமம். இன்று செயற்கைச் சாயம் கலந்ததும் விற்கப்படுகிறது. ஒட்டுப் பொட்டோ இன்னும் வியப்பானது. சிலவற்றின் பசையிலுள்ள பாரா டெர்ஷரி பியூட்டைல் பினால் என்னும் பொருள், தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களையே அழிக்கவல்லது. ஒரு பெண்ணின் நெற்றியில், பொட்டு இருந்த இடத்திலேயே வெண்புள்ளி தோன்றிவிடுகிறது. அரிப்புக்கூட இல்லாமல் வரலாம் என்பதே இதன் கொடுமை!

அப்படியாயின், ஒரு பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை எவ்வாறு அறிவது? 1895 இல் யோசப் யாடாசோன் என்னும் மருத்துவர், ஐயத்துக்குரிய பொருளைத் தோலின்மீது ஒட்டிவைத்துப் பார்க்கும் முறையை வகுத்தார். இன்றும் அடிப்படை அதுவே. தொண்டரின் முதுகில் சிறு பட்டைகளை ஒட்டுவர். ஒன்றில் சோதனைப் பொருள், மற்றொன்றில் தீங்கற்ற உப்புநீர். 24 மணி நேரம் கழிந்தபின் பட்டையை அகற்றிச் சிவப்பையும் வீக்கத்தையும் ஒப்பிடுவர். எரிச்சலை அறிய இது போதும். ஒவ்வாமையை அறியப் போதாது. ஒவ்வாமை, உடல் ஒரு பொருளை நினைவில் வைத்துக்கொண்டு பின்னர் எதிர்ப்பது. ஆகவே மூன்று வாரம் மீண்டும் மீண்டும் ஒட்டி, இரு வாரம் ஓய்வளித்து, மறுபடியும் ஒட்டிப் பார்க்கவேண்டும். பொட்டினால் வரும் வெண்புள்ளியோ இச்சோதனைக்கும் தப்பிவிடக்கூடும். அதற்கு நெடுநாள் பயன்பாட்டைக் கவனித்தல் வேண்டும்.

2014 இல் இந்திய அரசு அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதைத் தடை செய்தது. ஆய்வுக்குழாய்ச் சோதனைகளைக் கடந்து எஞ்சும் பொறுப்பு மனிதத் தொண்டரையே சார்கிறது. தொண்டர் என்றேன், அச்சொல்லுக்கு உண்மையில் பொருள் இருக்கவேண்டுமல்லவா? அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஓம்ஸ்பர்க் சிறையில், 1951 முதல் 1974 வரை கைதிகளின் முதுகுகள் சோதனைக்களமாயின. சிறு தொகை கொடுத்தார்கள், கைதிகள் கையெழுத்திட்டார்கள். பணமின்றி அடைபட்டிருப்பவன் தரும் இசைவை இசைவென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. நம் நாட்டிலும் ஏழைத் தொண்டர் பணத்தேவைக்காக வருதல் இயல்பே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதனைக் கருதியவை. சோதனை இன்னதென்று தொண்டருக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும். நெறிமுறைக் குழு முன்னதாக ஒப்பவேண்டும். தீங்கு நேர்ந்தால் சிகிச்சையளிக்கவேண்டும். தொண்டர் எந்த நேரத்திலும் விலகலாம். ஒட்டிய பட்டையைப் பத்தாம் மணியிலேயே அகற்றச் சொல்லிவிட்டு அவர் வீடு திரும்பலாம். காரணம் கூறக் கடமைப்பட்டவரல்லர்.