மொழி தெரியாமலே கண் கலங்கும்

1956-இல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் அமாலியா ரொட்ரிகஸ் பாடினார். பாட்டு போர்த்துகீசியம், கேட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்த வெற்றிதான் அவர் புகழைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது.

அவர் பாடியது ஃபாடோ, லிஸ்பன் நகரத்து ஏழைத் தெருக்களில் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த இசை. கறுப்புச் சால்வை, 12 தந்திக் கித்தார். பாடும்முன் விளக்கைக் குறைப்பார்கள். உணவு மேசைப் பேச்செல்லாம் நின்றுவிடும். பிறகு குரல் ஒரு சொல்லைப் பிடித்து இழுக்கும், கித்தாரைக் காக்கவைக்கும், உடைந்து இறங்கும். 'சவுதாட்' என்னும் பிரிவேக்கத்துக்கு அகராதி எதற்கு?

ஆனால் 1965-இல் அவர் கமோயன்ஸின் கவிதைகளைப் பாடியபோது அங்கே சர்ச்சை எழுந்தது. நமக்குக் கம்பர் போல அவர்களுக்குக் கமோயன்ஸ். ஃபாடோவில் பாடலாமா என்று கேட்டார்கள். அந்தச் சூடு வெளிநாட்டு ரசிகருக்கு எட்டாது. அவருக்குக் கிடைப்பது பாதிப் பாட்டுதான், அதற்கே கண் கலங்குகிறது. முழுப் பாட்டையும் கேட்ட போர்ச்சுகல், 1999-இல் அமாலியா மறைந்தபோது 3 நாள் துக்கம் அனுசரித்தது.