ஏல அறிவித்தல் ஒட்டப்படுமுன்



கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். என்னுடன் பல்லாண்டு பணியாற்றியவர். மகனுடைய வியாபாரத்திற்காகத் தம் பெயரிலே கடன்பெற்று, வீட்டை வங்கிக்கு ஈடுவைத்தார். வியாபாரம் நொடித்தது. பதிவுத் தபாலில் வந்த கடிதங்களை அவர் பிரிக்கவேயில்லை. அலுமாரியின் மேல் அடுக்கி வைத்தார். பிரிக்காத கடிதம் வராத கடிதமாகிவிடும் என்று எண்ணினார் போலும். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்பித்தவர் அவர்! ஒருநாட் காலை மதிலில் ஏல அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. அன்று மாலையே என்னிடம் வந்து, "அதிபர், உங்களுக்குத் தெரிந்த நல்ல சட்டத்தரணி இருக்கிறாரா? வழக்கு எந்தக் கோட்டில் நடக்கிறதென்றும் தெரியவில்லை" என்றார்.

வழக்கே இல்லை என்பதுதான் உண்மை. உரோம-டச்சுச் சட்ட வழிவந்த 'பராட்டே' முறை இது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீதிமன்றத்தை நாடாமலே, வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றி, ஈடுவைத்த ஆதனத்தை ஏலத்தில் விற்கலாம். தீர்மானம் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வெளியாகவேண்டும். ஏலத்திற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் விற்பனை அறிவித்தல் வெளிவரவேண்டும். ஏல நாளுக்கு முன் நிலுவை முழுவதையும் செலவுடன் செலுத்தினால் விற்பனை இல்லை. முதற்கடன் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாயின் இம்முறையைக் கையாள முடியாதென 2011 இல் திருத்தம் வந்தது. வட்டி இக்கணக்கிற் சேராது. இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. 2024 இல் பராட்டே சிலகாலம் இடைநிறுத்தப்பட்டபோது கடனே தள்ளுபடியானதென மயங்கியோர் பலர்.

ஆகவே, நண்பரிடம் இருந்தது பதினான்கு நாள் மாத்திரமே. எத்தகைய சட்டத்தரணியை நாடுவது? பிறக்கிராசி, அப்புக்காத்து என்ற பழைய பிரிவு 1974 உடன் போயிற்று; இன்று எல்லோரும் சட்டத்தரணிகளே. ஆயினும் குற்றவியல் வழக்கிற் பெயர்பெற்றவர் காணி உறுதியிலும் வல்லவராயிருப்பார் என்பதில்லை. கண்டி மாவட்ட நீதிமன்றத்திற் குடியியல் வழக்காடுபவரும், காணிப் பதிவகத்தை அறிந்தவரும், நம் மொழியில் விளக்கக்கூடியவரும் வேண்டும். வங்கிக்காக ஈட்டுறுதி எழுதிய நொத்தாரிசிடமே ஆலோசனை கேட்பது பொருந்தாது. கட்டணத்தை முன்னரே எழுத்திற் பெறுதல் நன்று. வசதியற்றோர், 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்தை அணுகலாம்.

இன்னொன்று. ஏலச் செய்தி பரவியதும் கடன்தர ஒருவர் நண்பரின் வீடுதேடி வந்தார். ஈடு வேண்டாம், அறுதி உறுதி எழுதித்தந்தாற் போதும், பின்னர் திருப்பித் தருவேன் என்றார். நல்லகாலம், நண்பர் கையொப்பமிடவில்லை.

நாங்கள் கண்ட சட்டத்தரணி கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, திகதி வாரியாக அடுக்கினார். "வங்கியின் நடைமுறையிற் பிழையிருந்தாற் தடையுத்தரவு கேட்கலாம், இதிற் பிழை காணவில்லை. வீண் வழக்குப் போட்டு உங்கள் பணத்தை வாங்கமாட்டேன்" என்றார். நண்பரின் முகம் வாடிற்று. எனக்கோ அவர்மீது நம்பிக்கை பிறந்தது. அவரே வங்கியுடன் பேசினார். பின்வளவை வாங்க ஒருவர் முற்பணம் கட்டினார். வங்கி இசைந்து ஏலத்தை ஒத்திவைத்தது. அவ்வளவில் நண்பரின் மனைவி நட்ட பலாமரமும் போயிற்று. வீடு நின்றது. இப்பொழுது தபாற்காரர் வந்தால், நண்பர் படலையிலேயே நின்று கடிதத்தைப் பிரிக்கின்றார்.