செமட்ரி ரோடு வீடும் ஒரு டிரங்குப் பெட்டியும்

நான் மூலக்கொத்தளத்துப் பையன். கிரிமினாலஜி படிக்கிறேன்னு வெளியில சொன்னா, “உங்க ஏரியாவுலயே பிராக்டிகல் முடிச்சிடலாமே”ன்னு கிண்டல் பண்ணுவாங்க. பழகிடுச்சு. இன்னிக்கு எங்க பக்கத்துக் கேஸ் ஒண்ணையே எடுத்திருக்கேன். இதுல ரவுடி யாரும் கிடையாது.

1952 ஆகஸ்ட் 28. ஆளவந்தார்னு ஒருத்தர் காணாமப் போறார். முன்னாடி ராணுவத்துல இருந்தவர். அப்புறம் பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்ட் கோ பேனாக் கடையில இடம் வாங்கி பிளாஸ்டிக் சாமான் வித்தவர். மறுநாள் போட் மெயில் ரயில்ல ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து நாத்தம். மானாமதுரையில திறந்து பார்த்தா, தலையில்லாத உடம்பு. தலை அப்புறமா நம்ம ராயபுரம் கடற்கரையில கிடைக்குது.

டிஎன்ஏ சோதனையெல்லாம் அப்ப ஏது? உடம்பையும் தலையையும் சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்த்து வெச்சு ஆராய்ஞ்சாங்க. மனைவி அடையாளம் சொன்னாங்க. ராணுவத்துல பதிவான கைரேகை பொருந்துச்சு. தடயவியல் வகுப்புக்கு இந்த ஒரு கேஸே போதும்.

விசாரணை வந்து நின்ன இடம் ராயபுரம் செமட்ரி ரோட்டுல ஒரு வீடு. பிரபாகர மேனன், தேவகி தம்பதி. கல்யாணத்துக்கு முன்னாடி தேவகிக்கும் ஆளவந்தாருக்கும் பழக்கம் இருந்திருக்கு. ரெண்டு பேரும் பம்பாய்ல பிடிபட்டாங்க.

உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஏ.எஸ்.பஞ்சாபகேச அய்யர் முன்னாடி, ஜூரியோட விசாரணை. வீட்டுக்குக் கூப்பிட்டுத் திட்டம் போட்டுக் கொன்னாங்கன்னு அரசுத் தரப்பு. ஆத்திரத்துல நடந்துடுச்சுன்னு எதிர்த்தரப்பு. 1953 ஆகஸ்ட் 13 தீர்ப்பு: மேனனுக்கு 7 வருஷம், தேவகிக்கு 3 வருஷம். தூக்கு இல்ல, ஆயுளும் இல்ல.

சட்டத்துல இதுக்கு வழி இருக்கு. திடீர்னு கடுமையாத் தூண்டப்பட்டுக் கொன்னா அது கொலைக் கணக்குல வராது. அன்னிக்கு ஐபிசி 300-ல இருந்த அந்த விதிவிலக்கு இன்னிக்கு பிஎன்எஸ் 101-லயும் இருக்கு. பெட்டி, ரயில் எல்லாம் கொன்னதுக்கு அப்புறம் நடந்தது. தடயத்தை மறைச்சது தனிக் குற்றம். மறைச்சதை வெச்சே முன்கூட்டித் திட்டம் இருந்துச்சுன்னு சொல்லிட முடியாது. இதுவரைக்கும் எனக்குச் சரி.

ஆனா செத்தவன் ஒழுக்கமில்லாதவன்கிற எண்ணம் அந்த நீதிமன்றத்துல பலமா இருந்துச்சு. குற்றவாளிக் கூண்டுல நின்னது ரெண்டு பேர், விசாரிக்கப்பட்டது மூணு பேர்னு எனக்குத் தோணும். ஒருத்தரால மட்டும் பதில் சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டவரையே எடை போடுற இந்தப் பழக்கத்தை விக்டிமாலஜி பேப்பர்ல பக்கம் பக்கமாப் படிக்கிறோம். பாலியல் வழக்குகள்ல இன்னிக்கும் “அந்தப் பொண்ணு எப்படி?”ன்னு கேட்கிறோமே, அதேதான். படிச்ச, நடுத்தரக் குடும்பத்து மேனன் இடத்துல எங்க தெருப் பையன் நின்னிருந்தா, அவன் ஆத்திரத்தை “திடீர்”னு யாராவது நம்பியிருப்பாங்களா? சும்மா கேட்கல. ராத்திரி பைக்கை நிறுத்தி விசாரிக்கிறப்போ “எந்த ஏரியா?”ன்னு கேட்டு, “மூலக்கொத்தளம்”னு சொன்னதும் குரல் மாறுறதை நான் கேட்டிருக்கேன்.

இந்தக் கதையைச் சொல்ற யாரும் ஆளவந்தாரோட மனைவிகிட்ட ரெண்டு வரிக்கு மேல நிக்கிறதில்ல. புருஷனைக் காணோம்னு தேடினவங்க, அந்த உடம்பை அடையாளம் சொன்னவங்க. தண்டனை குறைவுன்னு அரசாங்கம்தான் மேல போகலாம். பாதிக்கப்பட்டவங்களே மேல்முறையீடு செய்யலாம்கிற உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 372-ல நடைமுறைக்கு வந்தது 2009 டிசம்பர் 31-ல. அதுலயும் விடுதலை பண்ணிட்டாலோ, சின்னக் குற்றமா மாத்தித் தண்டிச்சாலோ போகலாம். தண்டனை போதலைன்னு மட்டும் சொல்லிப் போக முடியாது. அவங்களுக்கு அந்த உரிமையும் 56 வருஷம் தாமதம்.