வேலையும் டயாலிசிஸும்
(நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது பொருள், நமது இரவுக் காவலரைப் பற்றியது. அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது. வேறு ஆளை அனுப்பட்டுமா என்று ஏஜென்சி கேட்கிறது. அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் இங்கே பேசுகிறேன். நானும் ஏழு வருடங்களாக டயாலிசிஸ் செய்துகொள்பவன். முதல் மூன்று வருடம் வங்கியில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே செய்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேலையின் நேரத்தையும் வகையையும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் அவரால் வேலை பார்க்க முடியும்.

ஒரு தடவை டயாலிசிஸ் என்றால் சுமார் 4 மணி நேரம். ஊசி குத்த, எடுத்தபின் ரத்தம் நிற்க, போக, வர எல்லாம் சேர்த்தால் 6 மணி நேரம் ஆகிவிடும். பலருக்கு வாரம் 3 முறை, சிலருக்கு 2 முறை. முடிந்து வந்ததும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும். மறுநாள் காலை எனக்குத் தெளிந்துவிடும். ஒரு சௌகரியம், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

எனக்கு செவ்வாய், வியாழன், சனி மாலை ஷிப்ட். தொடங்கிய வாரமே மருத்துவர் கடிதத்தை இணைத்து மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அப்போது கேஷ் கவுண்டரில் இருந்தேன். கணக்கு டேலி ஆகும்வரை கேஷியர் எழுந்திருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் படுக்கையோ காத்திருக்காது. அதனால் கடன் ஆவணங்கள் பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். லீவைத் தொடாமல் சேர்த்து வைத்து, முடியாத நாட்களுக்கு மட்டும் எடுத்தேன். வருமான வரியில் 80டிடிபி பிரிவில் 40,000 ரூபாய் வரை கழிவும் கிடைத்தது. நம்மில் யார் வீட்டிலாவது இந்த நிலை வந்தால், முதல் வேலையாக ஆபீசில் எழுத்து மூலம் சொல்லிவிடுங்கள்.

இனி காவலர் விஷயம். அவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது. டயாலிசிஸ் அதில்தான் நடக்கிறது. மருத்துவச் சான்றுடன் வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம், வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தகுதியான காலம் சந்தா கட்டியவருக்கு அதற்கு மேலும் 80 சதவீதம் கிடைக்கும். வேலையே போய்விட்டால் சந்தா நிற்கும். நாளடைவில் அந்தச் சிகிச்சையும் நின்றுபோகும். அவருக்கு இந்த வேலை சம்பளம் மட்டும் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

அவருக்கு வாரம் 2 முறை டயாலிசிஸ். ஏற்கெனவே ஒரு நாள் வார விடுப்பு இருக்கிறது. கூடுதலாக ஒரு நாள் மாற்று ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு 800 ரூபாய் என்றால் மாதம் 4 நாளுக்கு 3,200 ரூபாய். நம்மிடம் 64 வீடுகள். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். கண் விழிக்கும் இரவு ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றுவதில் செலவே இல்லை. மற்ற காவலர் ஒருவர் சம்மதித்துவிட்டார்.

நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. அவருடைய இடது கையில் ஃபிஸ்டுலா அறுவை செய்திருக்கிறார்கள். அது ஊசி குத்தும் கை, அவருக்கு உயிர்நாடி. தண்ணீர் கேன், காய்கறி மூட்டை தூக்கச் சொல்லாதீர்கள். இரண்டாவது, அன்பாக டீ, மோர், இளநீர் கொடுக்காதீர்கள். குடிக்கும் நீருக்கு அவருக்கு அளவு உண்டு. இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் இதயத்துக்கு ஆபத்து. ஊறுகாய், அப்பளமும் வேண்டாம். மூன்றாவது, "ஐயோ பாவம்" என்று அவர் காதுபட அனுதாபப்படாதீர்கள். என் ஆபீசில் நோயைவிட அதுதான் என்னைக் களைப்பாக்கியது.

ஆகவே, அவரைப் பகல் ஷிப்டில் தொடர்ந்து வைத்துக்கொள்வது, கூடுதல் மாற்று ஆள் செலவைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ப்பது, ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை செய்வது என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிய யாராவது முன்வர வேண்டுகிறேன்.