மார்க்கெட்டிங் டைரக்டர் உத்தியோகமும் நம் வாலிபர்களும்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி முடித்த நம் வாலிபர்கள் மேற்கொள்ளத்தக்க தொழில் ஒன்றைப் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். வைத்தியம், இஞ்சினீயரிங், சர்க்கார் உத்தியோகம் ஆகியவற்றைப் பற்றி நம்மவர் வேண்டிய மட்டும் அறிவர். ஆதலின், நம் இல்லங்களில் அதிகம் பேசப்படாத மார்க்கெட்டிங் டைரக்டர் பதவியைப் பற்றியே பேசத் துணிந்தேன்.

இப்பெயரைக் கேட்டவுடன் பெரியோர் சிலர், "சரக்கு விற்பதற்கா இத்தனை படிப்பு? அதை நம் கடையிலேயே செய்யலாமே" என்கின்றனர். வேறு சிலர், "முதலாளியாயிருக்க வேண்டிய பிள்ளை பிறர் கம்பெனியில் ஊழியஞ் செய்வதா?" என்று வருந்துகின்றனர். இவ்விரண்டு ஆட்சேபங்களும் அலட்சியஞ் செய்யத்தக்கனவல்ல. முறையே ஆராய்வோம்.

விற்பது வேறு, சந்தையை அறிந்து சரக்கை அமைப்பது வேறு. கையிலுள்ள சரக்கை வாங்குவோர் கையிற் சேர்ப்பது விற்பனை. வாங்குவோர்க்கு எது வேண்டும், எவ்வளவில் வேண்டும், என்ன விலை கொடுக்க இயலும், எக்கடையிற் கேட்பர் என்பவற்றை முன்னரே ஆராய்ந்து, அதற்கிணங்கச் சரக்கையே உருவாக்கச் செய்வது மார்க்கெட்டிங். பீட்டர் டிரக்கர் என்னும் அறிஞர் 1954-ல் வெளியிட்ட நூலில், வாடிக்கைக்காரரை உண்டாக்குவதே வியாபாரத்தின் நோக்கம் என்று வற்புறுத்தினார். 1960-ல் ஜெரோம் மெக்கார்த்தி என்னும் பேராசிரியர், பொருள், விலை, கிடைக்குமிடம், விளம்பரம் என நான்காக இத்தொழிலை வகுத்துக் காட்டினார். இந்நான்கிற்கும் ஒருங்கே பொறுப்பேற்பவரே மார்க்கெட்டிங் டைரக்டர்.

இது நமக்கு முற்றிலும் புதிய வித்தையன்று. 1920-களில் சிவகாசியில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய விதத்தை எண்ணிப் பாருங்கள். எழுத்தறியாதாரும் பெட்டியின் மேலுள்ள படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினர். அப்படமே அச்சரக்கின் பெயராகவும் நாணயமாகவும் விளங்கிற்று. அந்த லேபிளின் தேவையிலிருந்தே அவ்வூரின் அச்சுத் தொழிலும் வளர்ந்தது.

பிற்காலத்து உதாரணம் ஒன்று கூறுகின்றேன். கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் 1983-ல் பதினையாயிரம் ரூபாய் முதலுடன் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். புட்டியில் விற்ற ஷாம்பூவை வாங்க இயலாத கிராமத்தார்க்குச் சிறு பாக்கெட்டில் அதைக் கொண்டு சென்றார். அவருடைய ஆட்கள் ஊர்தோறும் சென்று, சிறுவர் தலையைக் கூடியிருந்தோர் முன்னிலையில் கழுவி, கூந்தலைத் தொட்டுப் பார்க்கச் செய்தனர். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டுகளைக் கொணர்ந்தாலும் தம் பாக்கெட் ஒன்றை இலவசமாகக் கொடுத்து, பின்னர்த் தம் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே அச்சலுகை என்று மாற்றினார். இதிற் பேச்சு வன்மையைக் காட்டிலும் ஏழைக் குடும்பத்தின் வரவு செலவை அறிந்த அறிவே பெரிதாயிருந்தது.

இனி, இப்பதவியை அடையும் வழியைக் கூறுவேன். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் எம்.பி.ஏ. கற்பது பெருவழக்கு. ஜாம்ஷெட்பூரிலுள்ள எக்ஸ்.எல்.ஆர்.ஐ. 1949-லும், கல்கத்தா, ஆமதாபாத் ஐ.ஐ.எம். கலாசாலைகள் 1961-லும் தோன்றின. நம் திருச்சிராப்பள்ளியிலும் 2011-ல் ஐ.ஐ.எம். ஏற்பட்டது. 'கேட்' என்னும் பரீட்சையே ஐ.ஐ.எம்.களின் வாயில். ஆயினும் கலாசாலை வாயிலைக் கடந்தவுடன் டைரக்டர் நாற்காலி காத்திராது. முதலில் ஒரு ஜில்லாவின் விற்பனையைக் கவனித்து, வெயிலிற் கடை கடையாய் ஏறி இறங்க வேண்டும். பின்பு பிரதேச மானேஜர், பிராண்டு மானேஜர், மார்க்கெட்டிங் மானேஜர் எனப் படிப்படியாக உயர்வதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்வது சாதாரணம். இக்காலத்தில் கணக்குப் புள்ளிகளை ஆராய்தலும், கைப்பேசி வழியாகச் செய்யும் விளம்பரத்தின் பயனை அளத்தலும் இன்றியமையாத பயிற்சிகள்.

உழைப்பின் பயனை ஒரு சரித்திரம் காட்டும். அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் காம்பிள் கம்பெனியில் இளம் உத்தியோகஸ்தராயிருந்த நீல் மெக்கெல்ராய், 1931-ல், ஒவ்வொரு சரக்கின் விற்பனைக்கும் தனிப்பொறுப்பாளர் வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். எங்கே விற்பனை குறைகின்றது, ஏன் குறைகின்றது என்று ஊரூராக ஆராய்வதே அப்பொறுப்பாளரின் கடமை என்றார். பிராண்டு மானேஜர் பதவி அதிலிருந்தே பிறந்தது. அவர் 1948-ல் அக்கம்பெனியின் தலைவராகி, 1957-ல் அந்நாட்டின் பாதுகாப்பு மந்திரியுமானார்.

'டைரக்டர்' என்னும் சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. சில கம்பெனிகளில் அது வெறும் பதவிப் பெயர். வேறு சிலவற்றில் அவர் நிர்வாக சபையின் அங்கத்தினராகி, 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி கடமைகளுக்கு ஆளாகின்றார். உத்தியோகக் கடிதத்தில் கையொப்பமிடுமுன் இதனை விசாரித்தறிதல் நலம்.

சத்தியத்தைக் கைவிட்டால் இத்தொழில் சூதாட்டத்தினும் கேடாம். பொய் விளம்பரஞ் செய்வோர்க்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்யின் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடந்தருகின்றது. ஆயினும் அபராதத்துக்கு அஞ்சி மெய் பேசுதல் நமக்குப் பெருமையன்று. நிறுவைக்கோலில் தவறாத கை என்று பெயரெடுத்த முன்னோரின் வழிவந்தோர், விளம்பர வாசகத்திலும் அந்நிறுவையைக் காக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு வருவோம். பிறர் கம்பெனியில் ஊழியஞ் செய்வது இழிவாகுமா? நம் கடைகளில் வாடிக்கை பெரும்பாலும் உறவையும் அறிமுகத்தையும் பற்றி நின்றது. இன்றோ, நம் ஜாதியையும் ஊரையும் அறியாத பல்லாயிரவர் நம் சரக்கை வாங்க வேண்டியிருக்கின்றது. அன்னியருடைய மனத்தை மதித்து அறியும் பழக்கம் உறவினர் நடுவே மட்டும் இருப்போர்க்கு வாராது. பெரிய கம்பெனியிற் பத்தாண்டு பழகி வந்த பிள்ளை தகப்பனார் கடைக்குத் திரும்பினாலும் அக்கடை விரியும். திரும்பாவிடினும் குடும்பத்துக்கு நஷ்டமில்லை.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஊர் சுற்றும் வேலை பெண்ணுக்கு ஆகாது" என்று சொல்லி, நன்கு கற்ற பெண்களைத் தடுத்து நிறுத்துகின்றோம். வீட்டுக்கு வேண்டும் சாமான்களிற் பெரும்பகுதியைத் தேர்ந்தெடுப்போர் பெண்களே. அவர் மனத்தை அறியும் தொழிலிற் பெண்ணுக்கு இடமில்லை என்பது நியாயமா? பங்குச் சந்தையிற் பதிவான ஒவ்வொரு கம்பெனியின் நிர்வாக சபையிலும் பெண் டைரக்டர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்று சட்டமே விதித்துள்ளது. சட்டம் திறந்த கதவை நாம் வீட்டுக்குள்ளிருந்து தாழிடலாகாது.

நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை சேர்த்து, 1889-ல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையைக் கண்டனர். அம்மகமையின் நோக்கம் இன்றும் மாறவில்லை. செலவிடும் துறை மட்டுமே விரிய வேண்டும். எம்.பி.ஏ. கற்க விரும்பும் ஏழை மாணவர்க்கு உபகாரச் சம்பளமும், பரீட்சைப் பயிற்சிக்கு உதவியும் அளிக்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றேன். இத்துறையில் ஏற்கெனவே உயர்பதவி வகிக்கும் நம்மவர் ஒவ்வொருவரும், ஆண்டுக்கு இரண்டு மாணவரையேனும் தம்முடன் வைத்துப் பழக்குவாராக.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இத்தொழிலை விரும்பினால், "விற்கப் போகிறாயா?" என்று நகையாதீர்கள். "வாங்குவோரை அறிந்தாயா? மெய் பேசுவாயா?" என்று வினவுங்கள். இரண்டுக்கும் ஆம் எனின், ஆசீர்வதித்து அனுப்புங்கள்.