கதிர்வீச்சுச் சிகிச்சையும் நல்ல திசுக்களும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வீட்டிற்குள்ளும் பேசத் தயங்கும் மார்பகப் புற்றுநோயைக் குறித்துச் சில செய்திகளைக் கூற விழைகிறேன். இந்நோய்க்கு அறுவை முடிந்தபின் பலருக்குக் கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் தோல் சிவந்து கருக்கக் கண்டு, உடம்பு வெந்துவிட்டதோ என்றஞ்சிப் பாதியில் நிறுத்திவிட எண்ணுவோர் உண்டு. அவ்வச்சத்தைத் தெளிவிப்பதே என் நோக்கம்.

கதிர், உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. புற்றணு, நல்லணு என்ற பேதம் அதற்கில்லை. ஆயினும் நல்லணுக்கள் தம்மைச் சீர்செய்துகொள்ளும் திறன் மிக்கவை. புற்றணுக்களுக்கு அத்திறன் குறைவு. ஆகவேதான் மொத்த அளவையும் ஒரே நாளில் தராமல், தவணைகளாகப் பகிர்ந்து தருகின்றனர். முன்பு 25 தவணைகளாக 5 வாரம் அளிப்பது வழக்கம். 15 தவணைகளாக 3 வாரத்தில் முடித்தாலும் பலன் குறைவதில்லை, நல்ல திசுக்களுக்குக் கூடுதல் தீங்குமில்லை என்பதைப் பிரிட்டனில் நடைபெற்ற ஸ்டார்ட் ஆய்வுகளின் பத்தாண்டு முடிவுகள் 2013-இல் காட்டின.

பாதிப்புகள் இருவகைப்படும். தோல் கருத்தல், உரிதல், அக்குளிலும் மார்பின் மடிப்பிலும் புண்ணாதல், அயர்ச்சி ஆகியவை உடனே தோன்றுவன. தோலின் துன்பம் சிகிச்சை முடிந்த ஓரிரு வாரத்தில் உச்சமடைந்து, பின்னர் படிப்படியாக ஆறும். மார்பு இறுகுதல், கை வீக்கம் ஆகியவை மாதங்கள், ஆண்டுகள் கழித்து வரக்கூடியவை. சிலருக்குச் சில மாதங்களில் நுரையீரல் அழற்சி நேரலாம். வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் அதன் அடையாளங்கள். இடப்பக்க மார்பில் சிகிச்சை பெறுவோர்க்கு இதயத்திலும் கதிர் படலாம். எனவே மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் செய்து, இதயத்தை விலக்கிக் கதிர் செலுத்தும் முறை இன்று கையாளப்படுகிறது.

இத்தனை இடருக்கும் ஈடான பயன் உண்டா எனக் கேட்கலாம். மார்பகத்தை முழுதும் அகற்றாமல் அறுவை செய்துகொண்ட 10,801 பெண்களின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. கதிர்வீச்சு பெறாதோரில் நூற்றுக்கு 35 பேருக்குப் பத்தாண்டிற்குள் நோய் மீண்டது. பெற்றோரில் அது 19 பேருக்கே.

சகோதரிகளே! சிகிச்சைக் காலத்தில் தளர்ந்த பருத்தி ஆடை அணியுங்கள். மருத்துவர் இட்ட அடையாளக் கோடுகளை அழிக்காதீர்கள். கேளாமல் எந்தத் தைலமும் பூசாதீர்கள். கற்றுத்தரும் கைப்பயிற்சியை விடாதீர்கள். புண், காய்ச்சல், இருமல் எதையும் கூச்சத்தால் மறைக்காதீர்கள். வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. குழந்தைகளைத் தயங்காமல் அணைத்துக்கொள்ளலாம்.

ஆடவர்களே! 1969-இல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை நம் தென்னேரிக்கு அருகிலேயே உள்ளது. தறி ஒரு நாள் நின்றால் மறுநாள் ஓட்டிக்கொள்ளலாம். சிகிச்சையை இடையில் நிறுத்துவது நோய்க்கே இடம் கொடுப்பதாகும். கடைசித் தவணை வரை உடன் சென்று வாருங்கள்.