சூடேற்றாத கண்ணாடிக் கொட்டிலில் மாசி மாத விதைப்பு

(எமது தோட்டச் சந்திப்பில், பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்த உறவுகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கிழமை ஒரு தம்பி கேட்டார், "ரீச்சர், இந்தப் பனிக்குள்ள என்னத்தை முளைக்க வைக்கப் போறியள்?" நியாயமான கேள்வி. நான் வந்த முதல் வருடம் யாரிடமும் இதைக் கேட்கவில்லை. தமிழ்க் கடையில் முளைக்கீரை விதை வாங்கி, மாசி மாதம் தூவி, காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு விதைகூட முளைக்கவில்லை, எல்லாம் அழுகிப் போச்சுது. ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கே இந்தக் கதி.

பிழை விதையில் இல்லை. முளைக்கீரை, வெண்டி, கத்தரி, மிளகாய் எல்லாம் மண்ணில் 20 பாகை அளவு சூடு கேட்கிற பயிர்கள். எங்கள் கொட்டிலோ ஆறடிக்கு எட்டடி. ஹீற்றர் இல்லை. கண்ணாடி காற்றையும் மழையையும் மறிக்கும், பகல் வெயிலைப் பிடித்து வைக்கும். ஆனால் இரவில் வெளியைவிட ஒன்றிரண்டு பாகைதான் கூட இருக்கும். கடும் உறைபனி என்றால் உள்ளேயும் உறையும். ஆகவே குளிரைத் தாங்கும் பயிரைத்தான் நாங்கள் தேட வேண்டும்.

குளிர் மட்டுமல்ல, வெளிச்சமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலம். லண்டனில் மார்கழி 21 அளவில் 8 மணித்தியாலம்கூட இல்லை. பகல் 10 மணித்தியாலத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான செடிகள் வளராமல் சும்மா நிற்கும். மாசி நடுப்பகுதியில்தான் பகல் அந்தப் பத்தைத் தாண்டும். அதனால்தான் உங்களை இப்போது கூப்பிட்டேன். முதல் வேலையாகக் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் கழுவுவோம். பாசி பிடித்த கண்ணாடி கிடைக்கிற வெளிச்சத்தையும் தின்னும்.

இப்போது போடக்கூடியவை: பட்டாணி, இந்த நாட்டு அவரையான புறோட் பீன்ஸ், ஸ்பினாச், சலாது இலை, முள்ளங்கி, கோவா, லீக்ஸ். புறோட் பீன்ஸ் 5 பாகை மண்ணிலும் முளைக்கும், 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கோ. சலாது விதைக்கு வெளிச்சம் வேண்டும், மேலே மண்ணைத் தூவினது போல இருந்தால் காணும். வெந்தயத்துக்குச் சித்திரை வரட்டும்.

காசு செலவழிக்கத் தேவையில்லை. சுப்பர்மார்க்கெற்றில் சமையலுக்கு விற்கிற காய்ந்த முழுப் பட்டாணி ஒரு பைக்கற் போதும். பிளந்த பருப்பு முளைக்காது, முழுசாகப் பார்த்து வாங்குங்கோ. இரவு ஊறப் போட்டு, அடியில் ஓட்டை போட்ட காளான் பெட்டியில் நெருக்கமாகப் பரப்பி மண்ணால் மூடுங்கோ. நாலைந்து கிழமையில் சாண் உயரம் வந்ததும் குருத்தை வெட்டித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கலாம். சமையல் கொத்தமல்லி விதையும் அனேகமாக முளைக்கும். இரண்டாகப் பிளக்கும்படி மெல்லத் தேய்த்துப் போடுங்கோ. முளை வரும்வரை குசினி யன்னலில் வைத்திருந்துவிட்டுப் பிறகு கொட்டிலுக்குக் கொண்டுவாருங்கோ. ஊரிலிருந்து தபாலில் விதை எடுப்பிக்க வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் பறிமுதல் செய்வார்கள்.

எங்கள் ஆட்கள் விடுகிற பெரிய பிழை தண்ணீர். ஊர் வெயிலுக்கு ஊற்றின கை சும்மா இருக்காது. இங்கே விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுங்கோ. பின்னேரம் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நின்று நாற்றின் அடித்தண்டு அழுகி விழும். வெயில் எறித்தால் காலை பத்து மணிக்குக் கதவைத் திறவுங்கோ, பங்குனியிலேயே உள்ளே 25 பாகை தாண்டும். மூன்று மணிக்குச் சாத்துங்கோ. உறைபனி இரவில் நாற்றுக்கு மேல் பழைய பெட்ஷீற் அல்லது நாலைந்து தாள் பேப்பர் மூடினால் போதும். பட்டாணி விதையை எலி கிண்டும், தட்டை மேலே தூக்கி வையுங்கோ.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிருக்கென்று கொட்டிலுக்குள் கரிச்சட்டி எரிக்கக் கூடாது. மூடிய இடத்தில் காபன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

இனி, செடியை விட்டு உங்களைப் பற்றிக் கதைப்போம். போன வருடம் ஒரு அண்ணை கொத்தமல்லியை அருமையாக வளர்த்தார். கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, கட்டுக்கு ஒரு பவுண் தருகிறேன், கிழமைக்கு இருபது கட்டுக் கொண்டு வா என்றார். அண்ணை கெட்டிக்காரர், முதலில் என்னிடம் வந்து கேட்டார். நான் வேண்டாம் என்றேன். புகலிடக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. உங்கள் பிழையில்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு வராவிட்டால் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தாலும் சொந்த வியாபாரம் அதில் அடங்காது. இருபது பவுணுக்காக ஒரு வழக்கைப் பழுதாக்கிக் கொள்ளாதீர்கள். அண்ணைக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். எனக்கும்தான், அந்தக் காசு அவருக்கு எவ்வளவு பெரிசு என்று தெரியும்.

எங்களைப் போன்ற தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் தொண்டு செய்வது வேறு, அதற்குத் தடையில்லை. பஸ் ரிக்கற்றைக் காட்டினால் அந்தக் காசைத் தருவோம். அது சம்பளமல்ல, செலவு மட்டும்தான். விளைவது பொதுச் சமையலுக்குப் போகும். யாராவது "கொஞ்சம் உதவி, கையில் தருகிறேன்" என்று கேட்டால், ஓம் என்று சொல்லமுன் உங்கள் சட்டத்தரணியைக் கேளுங்கோ. தந்திருக்கிற வீட்டின் பின்வளவில் தோண்டுவதற்கும் வீட்டுப் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும்.

இன்னொரு விஷயம், எல்லாவற்றையும் நிலத்தில் நடாதீர்கள். வேறு நகரத்துக்கு மாறச் சொல்லிச் சில நாள் அவகாசத்தில் கடிதம் வரலாம். ஒரு தங்கச்சிக்கு அப்படித்தான் வந்தது. சட்டத்தரணிக்கும் டொக்டருக்கும் புது விலாசம் அறிவித்தோம், பெட்டி கட்டினோம். கடைசியில் கொத்தமல்லித் தட்டை ஷொப்பிங் பையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினாள். அங்கே போய் யன்னலில் வைத்து இரண்டு தரம் வெட்டினேன் என்று பிறகு ரெலிபோனில் சொன்னாள்.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்குத் தொடங்குகிறோம். யோகற் பெட்டி, காளான் பெட்டி, ரொயிலெற் பேப்பர்ச் சுருளின் நடு மட்டை எதையும் எறியாமல் கொண்டுவாருங்கோ. புறோட் பீன்ஸ் ஊன்ற அந்த மட்டையைப் போல நல்ல சாடி கிடையாது. தடித்த சப்பாத்து இல்லாதவர்கள் முதலே சொன்னால், இங்கே சில சோடி இருக்கின்றன.